போர் பெயர்த்த இருப்புப்பாதை



இரண்டாம் உலகப் போரில் இலண்டன் மாநகரின் தெருக்களும் இரயில் நிலையங்களும் குண்டுகளுக்கு இரையாயின. ஓசூரில் குண்டு விழவில்லை. ஆயினும் போர் இம்மண்ணின் இரயிலைக் கொண்டுபோயிற்று.

பஞ்சத் துயர் தணிக்கும் நோக்குடன் அமைந்த, இரண்டரை அடி அகலக் குறும்பாதை அது. 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரியை எட்டியது. 1913இல் பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் வந்தது. 1941இல் போக்குவரத்து நின்றது. போர்த் தேவைக்கெனத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன.

இடிந்த மாநகரை விரைந்து எழுப்புவர். எல்லையோர ஊருக்கு அந்த விரைவு வாய்க்கவில்லை. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்தே, 1960களின் பிற்பகுதியில், சேலம்–பெங்களூர் மீட்டர் பாதை ஓசூரைத் தொட்டது. 1970களில் சிப்காட் எழுந்தது. கேழ்வரகுக் கொல்லைகள் ஆலைகளாயின. 1990களில் பாதையும் அகலமாயிற்று.

கிருஷ்ணகிரிக்கு 1905இல் திருப்பத்தூரிலிருந்து வந்த குறும்பாதையும் மறைந்தது. 2004இல் மாவட்டத் தலைநகரான பின்னும் அந்நகருக்கு இரயில் வரவில்லை. மொரப்பூர்–தருமபுரி இணைப்புக்கு 2019இல் அடிக்கல் நாட்டியபின், நிலம் எடுப்பதே பெருந்தடையாக நின்றது. பெயர்ப்பது எளிது, மீட்பது அரிது.

அந்தச் சிறுவண்டியில் ஏறியவர்கள் இன்று தொண்ணூறை ஒட்டியவர்கள். அரசு ஆவணம் மைல் கணக்கைச் சொல்லும்; சந்தைக்குச் சென்ற கூடைகளையும், வண்டி நின்றபின் தொலைவாகிப்போன உறவுகளையும் அவர்களே சொல்லவல்லவர். அவர்கள் இருக்கும்போதே அவற்றைக் கேட்டு எழுதிவைப்பது இலக்கிய வட்டத்தின் கடன்.