நாய் தூங்கும்போது எண்ணிப் பாருங்க

ஹோம்ஸ்கூலிங்னா டைனிங் டேபிள்ல நடக்குற ஒரு குட்டி ஸ்கூல்னுதான் பலரும் நினைக்கிறாங்க. என் அக்கா வீட்ல போன வாரம் நடந்ததைச் சொல்றேன், கேளுங்க.

அக்கா மகளுக்கு 9 வயசு. திங்கட்கிழமை ஒரு முட்டையை வினிகர்ல போட்டு வச்சா. ஓட்டுல இருக்கிற கால்சியம் கார்பனேட் கரைஞ்சு, கார்பன் டை ஆக்ஸைடு குமிழ் குமிழா வந்துச்சு. ரெண்டு நாள்ல ஓடே இல்லாத ரப்பர் முட்டை! செம ஜாலி. ஆனா அது விடை ஏற்கெனவே தெரிஞ்ச கேள்வி.

புதன்கிழமை வேற கேள்வி. வீட்ல மணின்னு 11 வயசு நாய் இருக்கு. அது தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குறதை 30 செகண்ட் எண்ணி, ரெண்டால பெருக்கணும். ஆரோக்கியமான நாய்க்குத் தூக்கத்துல பொதுவா நிமிஷத்துக்கு 30-க்குக் கீழதான் இருக்கும். புதன் 22. வியாழன் 24. வெள்ளி 38.

"கனவு காணுதோ? வெக்கையா இருக்கோ?"ன்னு அவளே கேட்டுக்கிட்டா. ஃபேன் போட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு திரும்ப எண்ணினா. 36.

அன்னைக்கு சாயங்காலமே டாக்டர்கிட்ட போனாங்க. "எப்ப இருந்து இப்படி?"ன்னு அவர் கேட்டதும், அவ நோட்டை நீட்டினா. மணிக்கு இதயத்துல பிரச்சினை. மாத்திரை ஆரம்பிச்சாச்சு.

சர்வர் மானிட்டரிங்ல நாங்க பண்றதும் இதேதான். நார்மல் எதுன்னு முதல்ல எழுதி வச்சாதான் மாற்றம் கண்ணுல படும்.

உங்க வீட்ல நாயோ பூனையோ இருந்தா, இன்னைக்கு ராத்திரி எண்ணி எழுதி வைங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.