மேரி ராஸ் பிறப்பதற்கு முன்பே கட்டப்பட்ட பள்ளி

(ஊத்துக்கோட்டையில் மாலை நேரப் படிப்பு மைய மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



விமானம் செய்யும் நிறுவனத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து, 1973இல் ஓய்வு பெற்ற ஒரு பெண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் மேரி கோல்டா ராஸ். செரோக்கி இனத்தவர். அமெரிக்கப் பழங்குடியினரில் பொறியாளரான முதல் பெண் என்று அறியப்படுபவர்.

இப்படிப்பட்டவர்களைப் பற்றி நம் ஊரில் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். பிறவியிலேயே அறிவு, விடாமுயற்சி, வெற்றி. மேரியின் கதையை அப்படிச் சொன்னால் பாதிக்கு மேல் விட்டுப்போகும்.

1838, 39இல் அமெரிக்க அரசு செரோக்கி மக்களைச் சொந்த மண்ணிலிருந்து துப்பாக்கி முனையில் மேற்கே விரட்டியது. வழியில் பசியிலும் குளிரிலும் நோயிலும் ஏறக்குறைய நாலாயிரம் பேர் செத்தார்கள். கண்ணீர்ப் பாதை என்று அதைச் சொல்கிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் அந்த மக்கள் செய்த வேலைகளில் முக்கியமானது பள்ளி கட்டியது. 1851இல் பெண்களுக்கென்றே ஒரு உயர்கல்விப் பள்ளியை, செரோக்கி அரசு தன் சொந்தப் பணத்தில் திறந்தது. புனேயில் ஜோதிராவும் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி திறந்தது 1848இல். மூன்றே வருட வித்தியாசம்!

அந்தக் கட்டடம் 1887இல் எரிந்துபோனது. விடவில்லை, தாலக்வா ஊரில் இரண்டே ஆண்டில் திரும்பக் கட்டினார்கள். 1909இல் ஓக்லஹோமா மாநில அரசு அதை வாங்கி ஆசிரியர் கல்லூரி ஆக்கியது. 1908இல் பிறந்த மேரி அந்தக் கல்லூரியில்தான் கணிதம் படித்து 1928இல் பட்டம் பெற்றார். தன் சமூகம் பெண்களுக்காகப் போட்ட அஸ்திவாரத்தின் மீது, அறுபது எழுபது வருடம் கழித்து வந்து உட்கார்ந்தார்.

கணித வகுப்பில் பையன்கள் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. அவர்கள் ஒரு பக்கம், இவர் தனியாக மறுபக்கம். படிப்பில் இவர் அவர்களுக்குச் சளைத்தவரல்ல, சில நேரம் மேலே. தனியாக உட்கார வைப்பது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சுமார் ஒன்பது ஆண்டுகள் கிராமப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் கற்பித்தார். முதுகலை முடித்தார். 1942இல் போர்க்காலத்தில் லாக்ஹீட் நிறுவனம் அவரைக் கணிதவியலாளராக எடுத்தது. பி-38 போர் விமானத்தின் மீது காற்றழுத்தம் என்ன செய்கிறது என்பது அவருடைய முதல் வேலைகளில் ஒன்று. அந்த விமானம் செங்குத்தாகப் பாய்ந்து ஒலியின் வேகத்தை நெருங்கும்போது வால்பகுதி குலுங்கும், விமானி இழுத்தாலும் மூக்கு மேலே வராது. அந்த வேகத்தில் காற்று நடந்துகொள்ளும் விதமே வேறு. கையால் கணக்குப் போட்டுத்தான் அதைப் பிடிக்க வேண்டியிருந்தது.

போர் முடிந்ததும் தொழிற்சாலைகளிலிருந்த பெண்கள் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மேரியை நிறுவனம் வைத்துக்கொண்டது. பொறியியல் படிக்கவும் அனுப்பியது. 1949இல் பொறியாளர் சான்று பெற்றார். அதாவது, பொறியியல் பட்டம் இல்லாமல் உள்ளே வந்தவரை வேலை கொடுத்த இடமே பொறியாளர் ஆக்கியது. இங்கே இட ஒதுக்கீடு என்றதும் "தகுதி போய்விடும்" என்று பதறுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பிறகு ஸ்கங்க் ஒர்க்ஸ் என்ற ரகசியப் பிரிவைத் தொடங்கிய நாற்பது பொறியாளர்களில் ஒருவரானார். அங்கே அவர் எழுதியவற்றில் பல இன்றும் வெளியே வரவில்லை.

அவரை நான் சாமியாக்க வரவில்லை. அவர் கணக்குப் போட்டது போர் விமானத்துக்கும் ஏவுகணைக்கும். அவருடைய முன்னோரும் செரோக்கிகளின் முதன்மைத் தலைவருமான ஜான் ராஸ், கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தவர். விரட்டப்பட்டவர்களே தங்களுக்குக் கீழே இன்னொருவரை வைத்திருந்தார்கள். படிநிலைச் சமத்துவமின்மை என்று பாபாசாகேப் சொன்னதைப் படித்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி இருக்காது. ஆனால் பெருமை பேசும்போது இதை மறைப்பது நமக்கு அழகல்ல.

எனக்குப் பிடித்தது ஓய்வுக்குப் பிந்தைய மேரி. பெண்களையும் பழங்குடிப் பிள்ளைகளையும் பொறியியல் பக்கம் இழுத்து வருவதையே வேலையாக வைத்துக்கொண்டார். 2004இல், 96 வயதில், வாஷிங்டனில் அமெரிக்க இந்தியர் அருங்காட்சியகம் திறந்தபோது செரோக்கி உடை அணிந்து போனார். அந்த அருங்காட்சியகத்துக்கு நாலு லட்சம் டாலருக்கு மேல் எழுதி வைத்துவிட்டு 2008இல் இறந்தார்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். திருவள்ளூரில் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் எத்தனை! அந்த வீட்டுப் பிள்ளை கணக்கில் நூறு வாங்கினாலும் சாதிச் சான்றிதழ் இல்லாமல் கல்லூரி வாசலில் நிற்கிறது. பெங்களூரு எச்.ஏ.எல். பொதுத்துறை, அதனால் பழங்குடிக்கு ஏழரை விழுக்காடு, பட்டியல் சாதிக்குப் பதினைந்து விழுக்காடு என்று சட்டப்படி இடம் உண்டு. 2024இல் வதோதராவில் திறந்த டாடாவின் ராணுவ விமான ஆலை தனியாருடையது, அங்கே அப்படி ஒரு கட்டாயம் இல்லை. விமானத் தொழில் தனியாரிடம் போகப்போக நமக்கான கதவுகளும் சேர்ந்தே போகின்றன. தனியார் துறையிலும் இட ஒதுக்கீடு கேட்பது இதனால்தான்.

சான்றிதழ் கிடைக்காமல் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், போகும்போது பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள். மனுவோடு எல்லோரும் சேர்ந்தே போகலாம்.