புதுவை உதைபந்தாட்ட முதியோரைக் கண்டு வந்த வரலாறு

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



புதுச்சேரியில் கல்லூரிகளின் சார்பாக உதைபந்து ஆடியவர்களையும் அவர்களைப் பயிற்றுவித்தவர்களையும் நேரிற் கண்டு, நம் வகுப்பைச் சேர்ந்த ஆட்டக்காரர்களின் ஜாபிதா ஒன்று தயாரித்து வருமாறு சங்கத்தார் எம்மிருவரைப் பணித்தனர். அதன்படி யாம் புதுவையில் ஐந்து தினங்கள் தங்கியிருந்தோம். கண்டதையும் கேட்டதையும் உள்ளவாறே இச்சபையின் முன் வைக்கின்றோம். அவற்றுட் பல நமக்குப் பெருமை தருவன. ஒன்று தலைகுனிவு தருவது. அதனையும் மறைத்தலாகாது என்பது எமது துணிபு.

முதற்கண், ‘கல்லூரி’ என்னும் சொல்லே எம்மைச் சிறிது மயக்கிற்று. பிரஞ்சு வழக்கில் ‘கொலேழ்’ என்பது பட்டப்படிப்புக்குக் கீழ்ப்பட்ட பள்ளியையும் குறிக்கும். 1826இல் புதுவையில் ஏற்பட்டுப் பின்னாளில் ‘லிசே’ என வழங்கலான பிரஞ்சுக் கல்விச்சாலையும் முன்னர் கொலேழ் என்றே பெயர் பெற்றிருந்தது. தாகூர் பெயரால் அமைந்த அரசினர் கலைக் கல்லூரியோ 1961இல் தோன்றியது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது; 1962 ஆகஸ்டு 16இல் அது சட்டப்படி நிறைவெய்தியது. ஆகவே, யாம் கண்ட முதியோர் இரண்டு ஆட்சிகளின் சந்தியிலே வளர்ந்தவர்கள். எழுபதும் எண்பதும் கடந்த அவர்களுட் சிலர், தம்மைப் பயிற்றுவித்த ஆசிரியரை இன்றும் ‘முசே’ என்றே குறிப்பிடுகின்றனர்.

அவர்களோடு பேசத் தொடங்கினால் பேச்சு முதலில் 1948ஆம் வருஷத்திற்கே செல்கின்றது. அவ்வருஷம் ஜூலை 31இல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் இந்தியா பிரான்சை எதிர்த்து ஆடியது. நம்மவருட் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இன்றியே ஆடினர். சாரங்கபாணி இராமன் இந்தியாவின் சார்பில் கோல் போட்டார். இரண்டு பெனால்டி வாய்ப்புக்கள் வீணாயின. 1-2 என்ற கணக்கில் நாம் தோற்றோம். புதுவையோ அன்று பிரஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. “வெற்றி எங்கள் ஆட்சியாருக்கு, துக்கம் எங்களுக்கு என்று என் தகப்பனார் சொல்லுவார்” என்றார் ஒரு முதியவர். 1960இல் ரோம் நகரப் பந்தயத்தின்போது அதே பிரான்சோடு 1-1 என இந்தியா சமன் செய்ததைக் கூறுகையில் அவர் முகம் மலர்ந்தது. அதே பந்தயத்தில் பெரு தேசத்தாரோடு ஆடித் தோற்றபோது நமது கோலைப் போட்டவர் தஞ்சைச் சீமையைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ். இவரே பின்னர்ப் பயிற்சியாளராகி, 1973இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வெல்லத் துணை நின்றவர். நல்ல ஆட்டக்காரர் கால் ஓய்ந்த பின்னும் நாட்டுக்குப் பயன்படுவார் என்பதற்கு இவர் சான்று.

பயிற்றுவித்தோரின் வாழ்க்கை எளியது. ஒருவர் வீட்டில் பழைய ஊது குழலும், தோல் உரிந்த பந்து ஒன்றும், மாணவர் பெயரெழுதிய நோட்டுப் புத்தகமும் இருந்தன. அந்நோட்டில் கோல்களின் கணக்கு இல்லை. எவன் காலையில் உண்ணாமல் மைதானத்துக்கு வந்தான் என்பதே குறிக்கப்பட்டிருந்தது. “பசித்தவனை ஓடவிட்டால் முழங்கால் போய்விடும், தம்பி” என்றார் அவர். தம் சம்பளத்திலிருந்து கடலையும் வெல்லமும் வாங்கி வைப்பது அவர் வழக்கமாம்.

இனி, யாம் சொல்லத் தயங்கும் சங்கதிக்கு வருவோம். நம் வகுப்பைச் சேர்ந்த முதியவர் ஒருவர் தம் குழுவின் நிழற்படத்தைக் காட்டினார். நிற்போரும் அமர்ந்தோருமாகப் பதினொருவர். படத்தின் பின்புறத்தில் பத்துப் பெயர்களே எழுதப்பட்டிருந்தன. கோல் காத்தவர் பெயரைக் காணோம். மறதியோ என்று வினவினோம். முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “ஆட்டம் முடிந்தால் எங்கள் வீட்டில் சாப்பாடு. பத்துப் பேருக்கு உள்ளே இலை. அவனுக்குத் திண்ணையில். பெயர் எழுதியது என் பெரியப்பா. நான் அப்போது வாய் திறக்கவில்லை, ஐயா. அரைமணிக்கு முன்னே அவன் பாய்ந்து பிடித்த பந்தினால்தான் நாங்கள் வென்றிருந்தோம்.”

அந்தத் திண்ணை நம்மவர் வீட்டுத் திண்ணை. ஆகையால் அந்தக் குறையும் நம்முடையதே. அப்பெரியவர் நடுங்கும் கையால் பதினோராவது பெயரை எம்முன்னிலையில் எழுதினார். அப்பெயருடையார் இப்போது இல்லை. அவர் குடும்பத்தாரைக் கண்டு அனுமதி பெறுமுன் அதனை நம் பத்திரிகையில் வெளியிடுதல் முறையன்று என்று யாம் கருதுகின்றோம்.

பெரியோர்களே! நம் வகுப்பார் பெயர்களை மட்டும் பொறுக்கி எடுத்து வரும்படி எம்மை அனுப்பினீர்கள். அவ்வாறு எடுத்துவரின் யாமும் அந்தப் பெரியப்பா செய்ததையே செய்தவராவோம். முற்காவலன் தடுத்த பந்தை நடுவாட்டக்காரன் பெற்று, அவன் தள்ளியதை முன்னாட்டக்காரன் கோலுக்குள் செலுத்துகின்றான். இவருள் ஒருவனை நீக்கிவிட்டு மற்றவன் பெருமையை எவ்வாறு எழுதுவது? எம்மை இங்ஙனம் கேட்டவர் அந்தப் பழைய பயிற்சியாளரே. எமக்கு விடை தோன்றவில்லை.

ஆதலின் மூன்று காரியங்களைச் சபையார் ஆலோசிக்குமாறு வேண்டுகின்றோம். முதலாவது, சங்கம் வெளியிடும் ஜாபிதாவில் ஒவ்வொரு குழுவின் பதினொரு பெயரும், வகுப்புக் குறிப்பின்றி, இடம் பெறல் வேண்டும். இரண்டாவது, ஆட்டக்கார மாணவருக்கு உதவுதற்காகச் சேர்த்து வரும் நிதியில், நம் பிள்ளைகளோடு ஒரே மைதானத்தில் ஓடும் எப்பிள்ளைக்கும், பெண் மக்களுக்கும், பங்கு இருத்தல் வேண்டும். மூன்றாவது, நம் இல்லங்களில் பெட்டியடியிற் கிடக்கும் பழைய படங்களை எடுத்து, முதியோர் உயிரோடிருக்கும்போதே அவர்களைக் கேட்டுப் பின்புறத்தில் பெயர்களை எழுதிவைத்தல் வேண்டும். யாம் போய்ச் சேருமுன்னரே இருவர் காலமாகிவிட்டனர். அவர்கள் அறிந்திருந்த பெயர்களை இனி எவரிடம் கேட்பது?

நிதியைச் சேர்த்தவர் நம்மவர், அதனைப் பிறர்க்கு ஏன் அளித்தல் வேண்டும் என்று கேட்போரும் இங்கு உளர். அவர்கள் கேள்வி நியாயமானதே. அவர்களுக்கு யாம் சொல்லக் கூடியது ஒன்றே. புதுவையில் அந்தப் படத்தை நேரிற் பாருங்கள்; அதன் பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.