கோல் கம்பங்களுக்கிடையே ஆறுமுகம்



காற்பந்தாட்டத்தைப் பற்றிப் பேச்செழுந்தால் பினாங்குக்காரர்களாகிய நமக்கு 1974ஆம் ஆண்டுதான் முதலில் நினைவுக்கு வரும். இறுதியாட்டத்தில் பேராக் அணியை வென்று நம் மாநிலம் மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்த ஆண்டு அது. அதற்குப் பின்னர், 1975 முதல் 1986 வரை, அக்கிண்ணம் எட்டு முறை சிலாங்கூருக்கே போயிற்று. அக்காலத்தின் பெரும்பகுதியில் சிலாங்கூரின் கோலைக் காத்து நின்றவர் ஆர். ஆறுமுகம். எதிரணிக்காரராக இருந்தும், ‘நம்மவர்’ என்று பினாங்குத் தமிழர்கள் உரிமை கொண்டாடிய ஆட்டக்காரர் அவர்.

1953ஆம் ஆண்டு கிள்ளான் துறைமுகத்தில் பிறந்தவர் ஆறுமுகம். அவருக்கு நீண்ட கைகள். அதனால்தான் ரசிகர்கள் அவரை ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைத்தார்கள். கை நீளமாயிருப்பதில் அப்படி என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். கோலின் அகலம் 24 அடி. உயரம் 8 அடி. கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தால் இத்தனை இடத்தையும் ஒருவரால் காக்க இயலாது. ஆகவே கோல்காவலர் பந்தை நோக்கி முன்னேறி வருகிறார். அவர் நெருங்க நெருங்க, பந்தடிப்பவரின் கண்ணுக்குக் கோல் சுருங்கிக்கொண்டே போகும். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பந்தைத் தலைக்கு மேலே தூக்கியடித்துவிட்டால் பின்னால் காப்பதற்கு ஆளில்லை. நீண்ட கையும் துள்ளி எழும் கால்களும் உடையவருக்கு இந்த ஆபத்து குறைவு. அவர் துணிந்து முன்னே வரலாம்.

இனி, 1980ஆம் ஆண்டுக்கு வருவோம். மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்கான தகுதிச் சுற்று கோலாலம்பூரில் நடைபெற்றது. ஏப்ரல் 6ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் மலேசியாவும் தென்கொரியாவும் மோதின. கோலைக் காத்தவர் ஆறுமுகம். தற்காப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங். மலேசியா 2-1 என்று வென்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் வெற்றி கோலைப் போட்டவர் சபாவைச் சேர்ந்த ஜேம்ஸ் வோங். மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர், சபாக்காரர் அனைவரும் ஒரே சட்டையில் ஆடிய அணி அது.

ஆனால் அந்த அணி மாஸ்கோவுக்குப் போகவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தன. அதனைக் கண்டித்துப் பல நாடுகள் போட்டியைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. மலேசியாவின் இடத்தில் ஈராக் ஆடியது. அரசின் முடிவுக்குக் காரணம் இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அன்று ஆறுமுகத்துக்கு வயது 27. ஒரு கோல்காவலரின் நல்ல பருவம் அது. அதற்குப் பின் மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை.

1988 டிசம்பர் 18ஆம் நாள் சாலை விபத்தொன்றில் ஆறுமுகம் உயிரிழந்தார். 35 வயதுதான். பயிற்றுநராகிப் பல இளைஞர்களைப் பழக்கியிருக்கக்கூடிய வயது. 2016ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஓலா போலா’ திரைப்படத்தில் முத்து என்றொரு கோல்காவலர் வருகிறாரே, அந்தப் பாத்திரம் இவரைத் தழுவி அமைந்ததுதான். நம் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்கு ஆறுமுகம் அறிமுகமானது அந்த முத்துவின் வழியாகத்தான்.