தொலைமருத்துவமும் நம் கடமையும்
(கொல்லிமலையில் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வல்வில் ஓரி ஆண்ட இம்மலைக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறி வந்தோம். நலமுடையார்க்கு அவ்வழி கண்ணுக்கு விருந்து, நோயுற்றார்க்கோ பெருந்துன்பம். ஒருநாட் கூலியையும் வண்டிச் செலவையும் எண்ணி, மருத்துவரைக் காணாமலே நாளைக் கழிப்பார் உளர். நோயாளி மலையிறங்காமலே மருத்துவரின் அறிவு மலையேறி வருமாறு செய்வதே தொலைமருத்துவம்.

2019 நவம்பரில் இந்திய அரசு இ-சஞ்சீவனி என்னும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. சிற்றூர் நலவாழ்வு நிலையத்தார் நோயாளியை அருகில் வைத்துக்கொண்டு, தொலைவிலுள்ள மருத்துவரோடு காணொலியிற் கலந்து பேசுவர். 2020 ஏப்ரலில், வீட்டிலிருந்தே மருத்துவரைக் கேட்கும் வழியும் திறந்தது. அதற்கு முன்னரே, 2009இல், ஆப்பிரிக்க மருத்துவமனைகளை நம் நாட்டு மருத்துவமனைகளோடு இணைக்கும் வலையமைப்பையும் இந்தியா தொடங்கியிருந்தது.

இன்னும் அணித்தான சான்று தேனியில் உள்ளது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையார், தேனியைச் சூழ்ந்த ஊர்களிற் கண் பரிசோதனை நிலையங்களை அமைத்தனர். அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் உடன் உழைத்தனர். ஒரு வீட்டளவிற் பரவும் வைஃபை அலையை, திசைநோக்கிய அலைவாங்கிகளாலும் திருத்திய நெறிமுறையாலும் பல கிலோமீட்டர் செல்லச் செய்தனர்.

எனினும், அந்நிலையங்களின் உயிர்நாடி கம்பமன்று. பயிற்சி பெற்ற மகளிரே. அவர்களுட் பெரும்பாலார் சிற்றூர்ப் பெண்கள். கண்ணைச் சோதித்து, குறிப்பெழுதி, மருத்துவர்க்கு உரைப்போர் அவர்களே. அருகிருப்பவர் தவறாகக் காணின், தொலைவிலிருப்பவர் சரியாகக் கூறுதல் யாங்ஙனம்?

இதனை இங்குக் கூறுவதற்குக் காரணம் உண்டு. சங்க நிதியைக் கொண்டு இம்மலையின் சுகாதார நிலையமொன்றிற்குத் திரையும் கருவிகளும் வாங்கி, சங்கத்தின் பெயர் பொறித்து அளிக்கலாம் என அன்பர் சிலர் கருதுகின்றனர். அவர்தம் நல்லெண்ணத்தைப் போற்றுகிறோம். ஆயினும் அக்கருத்திற்கு உடன்படோம். இயக்குவாரில்லாத கருவி சில திங்களில் தூசடையும். அந்நிதியால் இம்மலைப் பெண்கள் இருவரைச் செவிலியர் கல்வி பயிற்றுவோமாயின், அவர்கள் பல்லாண்டு பயன் தருவர். மலையோர் பேச்சும் கூச்சமும் அறிந்த ஒருத்தியிடமே தாய்மார் தம் நோயை மறையாது உரைப்பர்.

அவ்விருவரும் நம் குலத்தவராகவே இருத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. காய்ச்சல் குலம் கேட்டு வருவதில்லை. நாம் மட்டும் கேட்பானேன்?

தொலைமருத்துவம் எல்லாவற்றிற்கும் மருந்தன்று. பாம்பு கடித்தவனுக்கும் பேறுகாலத்தில் இடருறுபவளுக்கும் படம் போதாது. நச்சுமுறி மருந்தும், விரைந்து செல்லும் ஊர்தியும் வேண்டும். அவற்றை அரசினரிடம் இடைவிடாது வற்புறுத்துதலும் நம் கடமையே.

நிதிபற்றிய தீர்மானம் இன்று வாக்கிற்கு வருகின்றது. பொறித்த பெயர் சுவரில் நிற்கும். பயின்ற பெண் நோயாளியின் அருகில் நிற்பாள். எது வேண்டுமென்பதை ஆராய்ந்து முடிவு செய்யுமாறு வேண்டி அமைகின்றோம்.