ஆரஞ்சு நிறக் கடவுச்சீட்டு

ஒரு சமூகத்தை அது நிலைகொண்டிருக்கும் இடத்தை மட்டும் வைத்து ஆராய்வது போதாது. மனிதர், பொருள், செய்தி ஆகியவற்றின் நகர்வையும் ஆராய வேண்டும் என்று பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஜான் உர்ரி 2000-ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் வாதிட்டார். பயனுள்ள கருத்துதான். ஆனால் நகர்வது எந்த வர்க்கம், எவருடைய நிபந்தனையில் என்று கேட்காவிட்டால், அது விமான நிலையக் காத்திருப்புக் கூடத்தின் சமூகவியலாகவே முடிந்துவிடும்.

இந்தியாவிலேயே சான்று உண்டு. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேறாத தொழிலாளர் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் முன் அனுமதி பெற வேண்டும். வருமான வரி செலுத்துவோருக்கு விலக்கு உண்டு! பாதுகாப்பே இதற்குச் சொல்லப்படும் காரணம். மோசடி முகவர்கள் மலிந்திருக்கையில் அதை முற்றிலும் ஒதுக்கவும் இயலாது. எனினும், 2018 ஜனவரியில் மத்திய அரசு இப்பிரிவினருக்கு மட்டும் ஆரஞ்சு நிறக் கடவுச்சீட்டு வழங்கப்போவதாக அறிவித்தபோது, பாதுகாப்பு என்பது முத்திரை குத்துவதாக மாறியது. படிக்காதவர், ஏழை என்பதை எந்த அதிகாரியும் எந்த முகவரும் எட்ட நின்றே அறிந்துகொள்ளலாம். எதிர்ப்பு வலுத்தது, அம்மாத இறுதியிலேயே திட்டம் கைவிடப்பட்டது.

நிறம் மாறவில்லை, பாகுபாடும் மாறவில்லை. கடல் கடந்த கட்டடத் தொழிலாளியின் அன்றாடம் என்ன? முகாம், நிறுவனப் பேருந்து, வேலைத்தளம், மீண்டும் முகாம். கடவுச்சீட்டைப் பறித்து வைப்பது சட்டவிரோதமாக உள்ள நாடுகளிலும் அது முதலாளியின் பெட்டியில் பூட்டிக் கிடப்பதுண்டு. உலக நகர்வுக் கணக்கில் அவரும் ஒரு பயணி. ஊர் திரும்பவோ வேறு வேலைக்கு மாறவோ முதலாளியின் இசைவுக்காகக் காத்திருக்கும் பயணி.