ஒளிக்கு வெட்டிய கோடு



பினாங்கில் வேலை செய்யும் மகன் கைத்தொலைபேசியில் அழைக்கிறான். அவன் முகம் நம் வீட்டில் தெரிகிறது. வழியின் பெரும்பகுதியில் அச்செய்தி கண்ணாடி இழைக்குள் ஒளியாகவே ஓடி வருகிறது. ஆனால் தொலைபேசியும் கணினியும் வேலை செய்வது மின்சாரத்தில் அல்லவா? ஆகவே மின்சாரத்தில் உள்ள செய்தியை ஒளியில் ஏற்ற ஒரு கருவி வேண்டும்.

இதற்கு லித்தியம் நியோபேட் என்னும் படிகம் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. மின்னழுத்தம் கொடுத்தால், அதனுள் செல்லும் ஒளியின் வேகம் சிறிது மாறும். ஓர் ஒளிக்கதிரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சற்றே தாமதப்படுத்தி, மீண்டும் சேர்த்தால், அவை ஒன்றையொன்று வலுப்படுத்தும், அல்லது அழித்துவிடும். ஒளி உண்டு, ஒளி இல்லை என்னும் இவ்விரு அடையாளங்களே செய்தியாகின்றன.

பழைய கருவிகள் விரல் நீளம் இருந்தன. மின்னழுத்தமும் கூடுதலாகக் கேட்டன. இப்படிகத்தில் நுண்ணிய பாதை செதுக்குவது மிகக் கடினம் என்றே பலரும் எண்ணியிருந்தனர்.

அக்கடினம் நமக்கு எளிதில் விளங்கும். பால்மரத்தில் கோடு சீராக விழுந்தால் பால் நேரே மங்கில் வடியும். கத்தி பிசகினால் பட்டையில் வழிந்து வீணாகும். ஒளிப்பாதையும் அப்படியே. ஓரம் சொரசொரப்பானால் ஒளி சிதறிவிடும்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மார்கோ லோன்சார் குழுவினர், தலைமயிரின் பருமனில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான படிக ஏட்டில் வழவழப்பான பாதையைச் செதுக்கினர். 2017ஆம் ஆண்டில் அவர்கள் அளந்தபடி, ஒரு மீட்டர் தூரத்துக்குக் கணக்கிட்டாலும் பாதிக்கு மேல் ஒளி எஞ்சும். 2018இல், நோக்கியா பெல் ஆய்வுக்கூடத்தாருடன் சேர்ந்து, 2 சென்டிமீட்டர் நீளமுள்ள கருவியை 1.4 வோல்ட்டில் இயக்கிக் காட்டினர். நம் டார்ச் லைட் பேட்டரி ஒன்றே 1.5 வோல்ட்! இவ்வகைக் கருவி வினாடிக்கு 210 கிகாபிட், அதாவது 21,000 கோடி செய்தித் துணுக்குகளை ஒளியில் ஏற்றியது.

மின்னழுத்தம் பாதியானால், கருவியை இயக்கும் ஆற்றல் கால் பங்காகக் குறையும். இதில் நமக்கும் தொடர்பு உண்டு. ஜொகூரில், கூலாய் வட்டாரத்தில், முன்பு தோட்டமாக இருந்த நிலத்தில் இன்று தரவு மையங்கள் எழும்பியுள்ளன. அவை ஏராளமான மின்சாரத்தை உண்பவை. செய்தியை ஒளியில் ஏற்றும் கருவிகள் அங்கே எண்ணற்றவை. ஒவ்வொன்றிலும் மிச்சமாகும் ஆற்றல், சிறு துளி பெருவெள்ளமாகும்.

பெற்றோர்களே, மரம் நின்ற இடத்தில் இயந்திரம் நிற்கிறது. அதன் வாசலில் நம் பிள்ளை காவலுக்கு மட்டும் நிற்பதா, உள்ளே சென்று அதைப் பழுது பார்ப்பதா? நான்காம் படிவத்தில் இயற்பியல் எடுக்கட்டுமா என்று மகளோ மகனோ கேட்டால், "அது நமக்கு எட்டாது" என்று சொல்லிவிடாதீர்கள். தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லும் நாங்கள் உங்களிடம் கேட்பது இதுவே. பிசிறின்றிக் கோடு வெட்டும் பொறுமை உங்கள் கையில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைப் புத்தகத்தின் மேல் காட்டப் பழக்குவோம்.